மலையகத்தின் வேகம்

ஆர்டன்மூர் தோட்டம், மேல் பிரிவு,
டயகம.
11.03.2025

சுலக்ஷனாவுக்கு,

போனில் பேசினால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதே இல்லை. நீ அழ ஆரம்பிக்கிறாய், நான் கத்த ஆரம்பிக்கிறேன், அம்மா நடுவில் வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறார். அந்தத் தேயிலைக் கம்பெனி விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து இதே கூத்துதான். இனி உன் போனை நான் எடுக்கப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைப் பார்க்கக் கினிகத்தேனைக்குப் போனேன். அவர் வேலை செய்கிற ஹார்ட்வெயார் கடைக்கு எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு போர்டு. அதில் நீ நிற்கிறாய். நெற்றியில் கூடைக் கயிறு, கையில் கிரிக்கெட் பந்து, வாய் நிறையச் சிரிப்பு. கீழே மூன்று பாஷையிலும் எழுதியிருக்கிறது: ‘மலையகத்தின் வேகம், உங்கள் கோப்பையில்.’

கடை முதலாளி உன் மாமாவைக் கூப்பிட்டு, “கஜேந்திரன், இது ஒங்க கொழுந்தியா தானே? இனி நீங்க எதுக்கு சிமெந்து மூட்டை தூக்குறீங்க?” என்று கேட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ ஒரு நாள்கூடக் கொழுந்து எடுத்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீ எடுக்கக் கூடாது என்றுதான் நானும் அம்மாவும் மலை ஏறினோம். ஆனால் எந்தக் கம்பெனிக்காக நீ சிரிக்கிறாயோ அதே கம்பெனிதான் இந்த வருடம் இருபது கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்கிறது. ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், அரை நாள் சம்பளம். பாதிச் செடி செத்துப்போன மலையில் இருபது கிலோவுக்கு எங்கே போவது? இதைக் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் நின்று கேட்டதற்கு என்னையும் இன்னும் இரண்டு பேரையும் விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

ஜெயந்தினி

•

வெள்ளவத்தை,
கொழும்பு.
24.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தின் மேலே என் முழுப் பெயரைப் பார்த்ததுமே உங்கள் கோபத்தின் அளவு தெரிந்துவிட்டது.

தெரியும். கையெழுத்துப் போடும்போதே அந்தக் கம்பெனிக்குக் கீழே இருக்கும் தோட்டங்களில் நம் தோட்டமும் ஒன்று என்று தெரியும். இருபது கிலோ விஷயம் அப்போது தெரியாது. அம்மா சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

அக்கா, நான் கொழும்புக்கு வந்த முதல் வருடம் விளையாடியதற்குக் கிடைத்தது பஸ் காசும் ஒரு சோற்றுப் பார்சலும். ஆண்கள் அணிக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவருக்கு எங்களைவிட அதிகம். இப்போது காலம் மாறியிருக்கிறது. பெண்கள் ஆட்டத்தை டிவியில் காட்டுகிறார்கள், கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன. போன ஒக்டோபர் ஏலத்தில் என் பெயரைச் சொன்னதும் மூன்று அணிகள் போட்டி போட்டன. தேயிலையைப் போல எங்களையும் கொழும்பில் வைத்துத்தான் ஏலம் போடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு வெட்கமாக இல்லை. ஒவ்வொரு முறை விலை ஏறும்போதும், நம் அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

என் விஷயங்களைப் பார்த்துக்கொள்கிற ஏஜண்ட் திலக்ஷன் அண்ணன் சொல்வதையும் கேளுங்கள். “தங்கச்சி, பொம்பளப் புள்ளைங்க வெளையாட்டுக்கு இப்பதான் சந்தை தொறந்திருக்கு. ரெண்டு வருசம் முன்னாடி இந்த வெலை இல்ல. இன்னும் அஞ்சு வருசத்துல ஒனக்கு முழங்கால் இருக்குமான்னு தெரியாது. குடுக்குற நேரத்துல வாங்கிக்க” என்பார். இன்னொன்றும் சொல்வார்: “வேகமா பந்து போடுற பொண்ணுங்க இன்னும் நாலு பேர் இருக்காங்க. கொழுந்து எடுக்குற அம்மாவுக்குப் பொறந்து வேகமா பந்து போடுறது நீ மட்டும்தான். ஒன் பந்தைவிட ஒன் கதைக்குத்தான் வெலை.” அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

அம்மாவை லயத்தில் அந்த ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். ஹட்டனில் ஒரு துண்டுக் காணி பார்த்திருக்கிறேன். வேறு எதற்காக இந்தச் சிரிப்பு என்று நினைக்கிறீர்கள்?

அடுத்த மாதம் படம் பிடிக்க நம் தோட்டத்துக்கே வருகிறார்கள். நானும் வருகிறேன். நேரில் பேசுவோம்.

உங்கள் தங்கை,
சுலா

•

ஆர்டன்மூர்,
02.05.2025

சுலாவுக்கு,

நீ எங்கள் காம்பரா வாசலில் வந்து நின்றது தெரியும். நான் உள்ளேதான் இருந்தேன். உனக்குப் பின்னால் கேமராவும் குடையுமாகப் பத்துப் பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் உன்னைக் கட்டிப் பிடிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது. அதனால் வரவில்லை.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். நீ வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பாதைக் குழிகளை மூடினார்கள். நாலாம் நம்பர் மலையில் மரத்தில் குளவிக்கூடு இருந்ததல்லவா, அக்கரப்பத்தனையிலிருந்து ஆள் கூட்டி வந்து ஒரே மாலையில் எரித்துவிட்டார்கள். ஒரு வருடமாக நாங்கள் கேட்டு நடக்காதது. பிறகு மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு பெரட்டுக்கு வந்து, பல் வரிசையாக இருக்கிற பெண்களாகப் பார்த்துப் பொறுக்கினார். எல்லாருக்கும் தடித்த சீலையில் புதுப் படங்கு கொடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அம்மா உன் தலையைத் தடவுகிற மாதிரி எத்தனை தடவை எடுத்தார்களோ! வீட்டுக்கு வந்து, “எம்புள்ள தலைய தடவுனதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்க, பாத்தியா” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு கொழுந்துகூடக் கிள்ளாமல் அன்றைக்கு அம்மாவுக்கு முழுப்பேர். நீ பங்களாவில் தோட்டத்துத் தொரையோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததை லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அவருடைய சந்தோஷத்தில் நான் கை வைக்கவில்லை.

இப்போது ஒரு காரியம். கேட்கப் பிடிக்காமல்தான் கேட்கிறேன். ஏழாம் நம்பர் மலையில், மேலே பாறைக்குப் பக்கத்து டர்பன்டைன் மரத்தில், நாலாம் நம்பரில் இருந்ததைவிடப் பெரிய கூடு இருக்கிறது. அடுத்த மாதம் அந்த மலைக்குத்தான் அம்மாவின் கூட்டத்தை அனுப்பப் போகிறார்கள். கண்டாக்கிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று. “பாப்போம், பாப்போம்” என்கிறார். நான் போய்ச் சொன்னால் சண்டைக்காரி பேச்சு என்பார்கள். நீ தொரைக்கு ஒரு போன் போட்டுச் சொல். நீ சொன்னால் அவர் கேட்பார். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

ஜெயந்தினி

•

கொழும்பு,
19.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கூட்டைப் பற்றிச் சொல்லியாயிற்று. கவலைப்படாதீர்கள்.

பயிற்சி கடுமையாக இருக்கிறது. வலது முழங்காலில் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, நீங்களும் அம்மாவிடம் சொல்லாதீர்கள். கம்பெனி மூன்று வருடத்துக்குப் புது ஒப்பந்தம் தருகிறது. போன தடவையைவிட இரண்டு மடங்கு. கையெழுத்து ஜூலையில், பெரிய ஹோட்டலில் பத்திரிகைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு. அதற்குள் எதுவும் தவறாகப் போகக் கூடாது என்று திலக்ஷன் அண்ணன் நாளுக்கு இரண்டு முறை சொல்கிறார்.

அடுத்த ஆட்டத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். “நாலு நாள் பேர் போயிரும்டி, டிவில பாத்துக்கிறேன்” என்றார். நான் அனுப்புகிற காசு எங்கே போகிறது அக்கா? அம்மா ஏன் இன்னும் மலைக்குப் போகிறார்?

சுலா

•

ஆர்டன்மூர்,
21.06.2025

சுலாவுக்கு,

நீ அனுப்பிய காசு எங்கே போனது என்று கேட்டிருந்தாய். நேற்று அம்மாவின் பெட்டியைத் திறந்தோம். உன் பெயரில் நகைச் சீட்டுக் கட்டியிருக்கிறார், உன் கல்யாணத்துக்கு. ஒரு ரூபாய் எடுத்துத் தனக்கென்று செலவழிக்கவில்லை.

அம்மாவுக்கு நடந்ததை, நீ வந்தபோது யாரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று. ஏழாம் நம்பர் மலையில் கொப்பு முறிந்து அந்தக் கூட்டின் மேல் விழுந்திருக்கிறது. ஏழு பேருக்குக் கொட்டியது. எல்லாரும் கீழே ஓடியிருக்கிறார்கள். நம் லயத்து நிஷாந்திக்கு ஆறு மாதம், வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளால் ஓட முடியவில்லை. அம்மா திரும்பி மேலே ஏறித் தன் படங்கை அவிழ்த்து அவள் மேல் போர்த்தி, குனிய வைத்து மேலே படுத்துக்கொண்டிருக்கிறார். நிஷாந்தி ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியம்மா ‘அசையாத, அசையாத’ன்னு காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தாங்கக்கா. பெறகு சொல்லலக்கா” என்றாள்.

வேலை இல்லாததால் நான் லயத்தில்தான் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். ஆம்புலன்ஸ் இல்லை. கொழுந்து ஏற்றுகிற லொறியில்தான் கிடத்திக் கொண்டுபோனோம். அம்மாவின் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. டயகம ஆஸ்பத்திரி வாசல் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நீ வந்து, அடக்கம் முடிந்த கையோடு போய்விட்டாய். மறுநாள் ஆட்டம் என்றாய். அதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் கம்பெனிக்காரன் தன் தேயிலைப் படம் ஒட்டிய மலர்வளையத்தைக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைத்தபோது, “இந்தப் பக்கம் நில்லுங்க மிஸ்” என்றதும் நீ போய் நின்றாய். அந்தப் படத்தை அவர்கள் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள், ‘எங்கள் நட்சத்திரத்தின் தாயாரின் திடீர் மறைவு’ என்று. குளவி என்று ஒரு வார்த்தை இல்லை.

நீ சொல்லியாயிற்று என்று எழுதினாய். யாரிடம் சொன்னாய்? தொரையிடம் சொன்னாயா? இல்லையா?

ஜெயந்தினி

•

கொழும்பு,
08.07.2025

அக்கா,

இல்லை. தொரையிடம் சொல்லவில்லை.

அவருடைய நம்பர் என்னிடம் இருந்தது. பங்களாவில் தேத்தண்ணி குடித்த அன்றைக்கு அவரே கொடுத்து, “எனி டைம் கோல் பண்ணுங்க” என்றார். உங்கள் கடிதம் வந்ததும் போனைக் கையில் எடுத்தேன். பிறகு திலக்ஷன் அண்ணனிடம் கேட்டேன். “தோட்டத்துப் பிரச்சினைக்குள்ள இப்பப் போகாத. ஒன் அக்கா மேல விசாரணை நடக்குது. ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், பெறகு நானே சொல்றேன்” என்றார். நான் கம்பெனி விளம்பரப் பிரிவில் இருக்கும் பிரேமினிக்கு ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன். அவள் கட்டைவிரல் போட்டு அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு உங்களுக்குச் ‘சொல்லியாயிற்று’ என்று எழுதினேன்.

ஒரு போன், அக்கா. நாலாம் நம்பருக்கு ஒரே மாலையில் ஆள் வந்ததென்றால் ஏழாம் நம்பருக்கும் வந்திருப்பார்கள். எனக்காக வந்திருப்பார்கள். அந்தளவு விலை எனக்கு அப்போது இருந்தது.

சனிக்கிழமை அந்த ஹோட்டலுக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் என் படம், கினிகத்தேனையில் நீங்கள் பார்த்த அதே படம். அம்மாவுக்காக ஒரு நிமிடம் எல்லாரையும் எழுந்து நிற்க வைத்துவிட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததை வைத்துவிட்டு நம் பாஷையிலேயே பேசினேன். “எங்கம்மா திடீர்னு சாகல. கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டிச் செத்தாங்க. அந்தக் கூடு இருக்குன்னு கண்டாக்குக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் படம் புடிக்க வந்தப்போ நான் நின்ன மலைல மட்டும் கூட்டை எரிச்சாங்க. எங்கம்மா நின்ன மலைல எரிக்கல.” இருபது கிலோவையும் சொல்ல ஆரம்பித்தேன். மைக்கை நிறுத்திவிட்டார்கள். பாட்டுப் போட்டார்கள். மைக் இல்லாமல் முன்வரிசைக்குக் கேட்கிற மாதிரி மீதியைச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கையெழுத்துப் போடவில்லை. அவர்களும் பேனாவை நீட்டவில்லை. வெளியே வந்ததும் திலக்ஷன் அண்ணன், “மூணு வருச ஒழைப்ப மூணு நிமிசத்துல முடிச்சிட்ட” என்று சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறிப் போனார். ஒரே ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது. அதில் என் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சுலா

•

ஆர்டன்மூர்,
30.07.2025

சுலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

நான் கேட்டது ஒரு போன். ஹோட்டலில் பேச்சு நான் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவருக்குச் செய்ய வேண்டியதைச் செத்தவருக்குச் செய்திருக்கிறாய். அதற்கும் விலையை நாங்கள்தான் கொடுக்கிறோம். அம்மாவுக்கு நட்டஈடு தருவதாக இருந்தவர்கள், ‘விஷயம் சிக்கலாகிவிட்டது’ என்று நிறுத்திவிட்டார்கள். விசாரணையை முடித்து வேலையிலிருந்து என் பெயரை வெட்டிவிட்டார்கள். லயத்திலேயே சில பேர், “அந்தப் புள்ள வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா கம்பெனி நம்மளுக்கு நாலு நல்லது செஞ்சிருக்கும்” என்கிறார்கள்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். நீ பேசியதை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். அது பெரட்டுவரை வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் ஏழாம் நம்பருக்குப் போகச் சொன்னபோது ஒரு பெண்கூட நகரவில்லை. நிஷாந்தியின் மாமியார்தான் முதலில் கூடையைக் கீழே வைத்தாராம். மூன்று நாள் அப்படியே நின்றார்கள். நாலாம் நாள் மரத்தை வெட்டிவிட்டார்கள். இருபது கிலோ இன்னும் இருபது கிலோதான். மரம் மட்டும்தான் போனது.

காம்பராவைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். கினிகத்தேனையில் உன் மாமா ஒரு அறை பார்த்திருக்கிறார். அங்கே போகிறேன்.

உன்மேல் இருக்கிற கோபம் போகவில்லை. போனதாக எழுத எனக்குத் தெரியாது.

ஜெயந்தினி

•

கொழும்பு,
20.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஏலம். நீங்கள் டிவியில் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்த வருடம் பெண்களுக்கு இதுவரை இல்லாத விலை. போன வருடம் மாற்று ஆட்டக்காரியாக வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைக்கு என்னுடைய பழைய விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்தார்கள். அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். உண்மையாகவே சந்தோஷம். அவளும் பார்சல் சோறு சாப்பிட்டு வந்தவள்தான்.

என் பெயரைப் படித்தார்கள். அடிப்படை விலையைச் சொன்னார்கள். மேசைகளில் இருந்தவர்கள் தாள்களைப் புரட்டினார்கள். ஒருவர் தண்ணீர் குடித்தார். பிறகு அடுத்த பெயரைப் படித்தார்கள்.

வெளியே வரும்போது ஒரு அணியின் பயிற்சியாளர் மெதுவாகச் சொன்னார்: “ஒங்க பந்துல ஒரு கொறையும் இல்லம்மா. ஸ்பொன்சர்மார் பயப்படுறாங்க.” முழங்காலைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்கும் இந்தக் காலோடு இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது. ஹட்டன் காணிக்குக் கட்டிய முற்பணம் போய்விட்டது. மாலைதீவில் ஒரு கழகம் நாலு மாதத்துக்குக் கூப்பிடுகிறது, முன்பு கிடைத்ததில் கால்வாசிக்கு. ஜனவரியில் போவேன்.

ராத்திரியில் அம்மா “அசையாத, அசையாத” என்று சொல்வது எனக்குக் கேட்கிறது. அங்கே இருந்தது நான் இல்லை. ஆனாலும் கேட்கிறது.

நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

சுலா

•

கினிகத்தேனை,
02.11.2025

தங்கச்சிக்கு,

நட்டஈட்டு விஷயமாகத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தேன். பதினெட்டாம் திகதி நுவரெலியாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி ஒரு வக்கீலை அனுப்புகிறதாம். விசாரணை சிங்களத்தில் நடக்கும். கடை வாசலில் பேசுகிற சிங்களம் எனக்கு வரும், வக்கீலுக்குப் பதில் சொல்கிற சிங்களம் வராது. உனக்கு வரும். பிரேமினிக்கு நீ அனுப்பிய மெசேஜ் அழியாமல் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். காட்டினால் உன்னையும்தான் கேட்பார்கள், ஏன் தொரைக்குச் சொல்லவில்லை என்று. அதற்கும் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். யோசித்துக்கொள்.

வருவதென்றால் முதல் நாளே வா. அறை சின்னது. உன் மாமா கடையில் படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். விடியப் பஸ் ஏற வேண்டும், வழியில் ஒன்றும் கிடைக்காது. ரொட்டியும் கட்டச் சம்பலும் உனக்கும் சேர்த்தே கட்டிக்கொள்கிறேன்.

அக்கா